நன்றாக நடந்ததால் வந்த வினை

உட்கார் என்கிறார்கள். வாழ்நாள் முழுக்க ஊரையே எழுந்து நடங்கள் என்று விரட்டியவளை, கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்திருக்கிறார்கள். குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, மாடிப்படி ஏறக் கூடாது. தலையில் முடி மழித்த இடம் அரிக்கிறது, அதைச் சொறியவும் கூடாதாம். நடக்கலாம், ஆனால் வீட்டுக்குள். எங்கள் கவரைப்பேட்டை வீட்டுக்குள் எவ்வளவு நடப்பது? அடுப்படியில் கிளம்பினால் அதற்குள் வாசல் வந்துவிடுகிறது. காலையிலிருந்து திரும்பித் திரும்பி எனக்கே சலித்துப்போய்த்தான் பேனாவை எடுத்தேன். கையாவது நடக்கட்டும்.

என் பெயர் ரெஜினா. கல்லூரியில் உடல் இயக்கவியல் பேராசிரியை. மனித உடம்பு எப்படி அசைகிறது, ஏன் அசைய மறுக்கிறது என்று பார்க்கிற படிப்பு அது. அதிலும் என் வேலை, உடற்பயிற்சி மூளைக்கு என்ன செய்கிறது என்று பார்ப்பது. அப்பாவும் அம்மாவும் வயலில் கூலிக்குப் போனவர்கள். நான் பள்ளியில் ஓட்டப்பந்தயம் ஓடி, அந்த ஓட்டத்திலேயே கல்லூரிக்குள் நுழைந்து, அங்கேயே வாத்தியாராகவும் ஆகிவிட்டேன். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள், இவர்களையெல்லாம் விடியற்காலையில் மைதானத்தில் கூட்டி நடக்க வைப்பேன். தரையில் இரண்டு கோடு போட்டு, கையில் ஸ்டாப்வாட்ச் வைத்து, ஒவ்வொருவரும் எப்படி நடக்கிறார் என்று பார்ப்பேன். பிறகு ஞாபக சக்தியைச் சோதிப்பேன். வருஷக்கணக்காகச் செய்த வேலை. ஒழுங்காக நடக்கிறவர்களுக்கு மறதி நிதானமாக வருகிறது என்பதைக் கண்ணால் கண்டேன், கூட்டம் போட்டுச் சொன்னேன், சொல்லிக்கொண்டே இருந்தேன். ஊரில் எனக்குப் பேரே ‘வாக்கிங் மேடம்’தான்.

அந்த வாக்கிங் மேடத்தின் நடை சென்ற வருஷத்திலிருந்து கெட்டுப்போனது.

பாதம் தரையை விட்டு எழும்ப மறுத்தது. செருப்பை யாரோ பசை போட்டு ஒட்டிவிட்ட மாதிரி இருக்கும். திரும்ப வேண்டுமென்றால் இருந்த இடத்திலேயே காலை மாற்றி மாற்றி வைத்துத் தடுமாற வேண்டும். கூடவே சிறுநீர் அவசரம். எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் கழிப்பறை எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டுத்தான் உட்காருவேன். வகுப்பில் பேசிக்கொண்டிருக்கும்போதே சொல் தொலைந்துபோகும். மாணவர்கள் எடுத்துக் கொடுப்பார்கள். நான் அவர்களைச் சோதித்துப் பார்த்த மாதிரி ஒரு சிரிப்புச் சிரித்து வைப்பேன். ஒரு நாள் ரயில் வந்து நின்றது, கதவு எனக்கு நேராகத் திறந்திருந்தது, ஏறுவதற்குக் கால் வரவில்லை. ரயில் கிளம்பிப் போன பிறகு, அடுத்த வண்டிக்குக் காத்திருப்பவளைப் போல பெஞ்சில் உட்கார்ந்து போனை நோண்டினேன்.

இதே நடையை வேறு யாரிடமாவது பார்த்திருந்தால் அன்றைக்கே ஸ்கேனுக்கு அனுப்பியிருப்பேன். எனக்கு நானே கொடுத்துக்கொண்ட வைத்தியம் என்ன தெரியுமா? இன்னும் கொஞ்சம் அதிகமாக நடப்பது. சதை பலம் குறைந்துவிட்டது, வயசாகிறது, பயிற்சி போதவில்லை என்று வைராக்கியமாக மைதானத்தைச் சுற்றினேன். அப்படித்தான் ஒரு காலையில், “பாதத்தை நல்லா தூக்கி இப்படி எடுத்து வைக்கணும்” என்று எல்லாருக்கும் காட்டிக்கொண்டே குப்புற விழுந்தேன்.

“ஐயோ, மேடமே வுயுந்துட்டாங்க!” என்று ஒரு பெண் ஓடிவந்து தூக்கினாள். பின்னாலிருந்து இன்னொரு குரல், மெதுவாகத்தான் சொன்னது, ஆனால் எனக்குக் காதில் விழுந்தது.

“டெய்லி நடக்கிறவங்களுக்கே இந்த கதின்னா, நாம இன்னாத்துக்கு இங்க வந்து சுத்திக்கினு இருக்கோம்?”

முட்டியில் ரத்தம் வந்தது எனக்கு வலிக்கவே இல்லை. அந்தப் பேச்சு வலித்தது. வீட்டுக்கு வந்து அழுதேன்.

என் கணவர் தேவராஜ் இரும்பு மில்லில் கிரேன் ஓட்டுகிறவர். நான் அழுது ஓயும்வரை பக்கத்தில் நின்றார். பிறகு, “போதும் டீச்சரு. ஆஸ்பத்திரிக்கிப் போலாம் வா. உன் வைத்தியத்த உன்னாண்டயே வச்சிக்கோ” என்றார். கோபமோ கேலியோ, எது வந்தாலும் நான் அவருக்கு டீச்சர்தான்.

சென்னைக்குப் போகும் வழியில் இருக்கிற ஒரு பெரிய மருத்துவமனைக்குப் போனோம். அங்கே காத்திருப்பது பற்றித் தனியாக ஒரு புத்தகமே எழுதலாம். டோக்கன் கூப்பிடுவார்கள் என்று உட்கார வேண்டும், கூப்பிட்டதும் இன்னொரு கதவுக்கு முன்னால் உட்கார வேண்டும். எல்லாரும் உட்கார்ந்தே இருக்கிறார்கள், எல்லாருக்கும் கால் ஆடிக்கொண்டே இருக்கிறது. எனக்கு மட்டும் எழுந்து உலாத்த ஆசை. எழுந்தால் கால் ஒட்டிக்கொள்ளும், நாலு பேர் பார்ப்பார்கள். பயம் ஒரு பக்கம், கூச்சம் ஒரு பக்கம், நடுவில் சிறுநீர் அவசரம். இப்படியே ஒரு பொழுது போகும்.

எம்.ஆர்.ஐ. என்பது காந்தத்தால் எடுக்கிற ஸ்கேன். குழாய் மாதிரி ஒரு பொந்துக்குள் படுக்க வைத்துத் தள்ளிவிடுவார்கள். உள்ளே தடதடவென்று ஒரே இரைச்சல். அசையக் கூடாது என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். என்னை நோகடிக்க வேண்டுமென்றால் இதைவிட நல்ல தண்டனை கிடையாது. வெளியே வந்ததும் தேவராஜ், “எங்க மில்லு சத்தத்துக்கு இதெல்லாம் ஜுஜுபி” என்றார். சிரித்துவிட்டேன். சிரித்ததும் மறுபடியும் கழிப்பறையைத் தேட வேண்டியதாயிற்று.

நரம்பியல் டாக்டர் கௌதமி சின்ன வயசுக்காரர். படத்தைத் திரையில் போட்டுக் காட்டினார். மூளைக்குள் சின்னச் சின்ன அறைகள் இருக்கின்றன. அவற்றில் தெளிந்த நீர் ஒன்று ஓயாமல் சுரந்து, மூளையையும் முதுகுத் தண்டையும் சுற்றி வந்து, ரத்தத்தோடு கலந்து வடிந்துபோகும். சிலருக்கு வயசான காலத்தில் சுரப்பது சுரந்துகொண்டே இருக்க, வடிவது மட்டும் மந்தமாகிவிடும். நீர் தேங்கி அந்த அறைகள் உப்பும். கால், சிறுநீர், ஞாபகம் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகக் கெடும். என் அறைகள் உப்பியிருந்தன.

“ஆனா மேடம், இதுல ரெண்டு விதம் இருக்கு” என்றார் டாக்டர். “நீர் தேங்கினதால அறை பெரிசாகியிருக்கலாம். அப்படின்னா மூளையிலிருந்து வயித்துக்கு தோலுக்கடியில ஒரு மெல்லிசான குழாய் வச்சு நீரை வடிச்சுவிட்டா நடை திரும்ப வரும். இல்ல, மூளை சுருங்கினதால அறை பெரிசா தெரியலாம். அப்படின்னா குழாய் வச்சுப் பிரயோஜனம் இல்ல.”

“அப்போ எதுக்குப் பிரயோஜனம் உண்டு?” என்று கேட்டேன்.

“மெதுவாக்கலாம். நிறுத்த முடியாது.”

மூளை சுருங்குவது என்றால் என்ன என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அப்படிப்பட்டவர்கள் வீட்டுக்கெல்லாம் போயிருக்கிறேன். மகன் பெயரை மறந்து, சாப்பிட்டதை மறந்து, கடைசியில் எழுந்து நிற்பதையே மறந்துபோனவர்களை அளந்து எழுதியிருக்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தேவராஜின் முகத்தைப் பார்த்தேன். இந்த முகமும் ஒரு நாள் எனக்கு யாரென்று தெரியாமல் போகுமா?

இரண்டில் எது என்று கண்டுபிடிக்க ஒரு சோதனை உண்டு. முதலில் நடையையும் ஞாபகத்தையும் அளப்பார்கள். பிறகு முதுகுத் தண்டின் கீழ்ப்பக்கம் ஊசி குத்திக் கொஞ்சம் நீரை எடுப்பார்கள். சில மணி நேரம் கழித்துத் திரும்ப அளப்பார்கள். நீர் குறைந்ததும் நடை தேறினால், வடிகுழாய் வைத்தால் பலன் இருக்கும் என்று அர்த்தம். தேறாவிட்டால் அறுவை சிகிச்சை கிடையாது. அவ்வளவுதான் விஷயம். ஒரு சின்னக் குழந்தைக்குக்கூடப் புரியும். பேராசிரியைக்குப் புரியவில்லை.

சோதனை நாளன்று பிசியோதெரபிப் பகுதிக்குக் கூட்டிப்போனார்கள். நீளமான நடைகூடம், தரையில் மஞ்சள் டேப்பால் இரண்டு கோடு. ஸ்டாப்வாட்சோடு நின்றவள் ரேவதி. என்னிடம் படித்தவள்.

“மேடம்! நீங்களா?” என்று ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, கூட நின்ற பயிற்சிப் பிள்ளைகளிடம் திரும்பி, “நடையை எப்படிப் பார்க்கணும்னு எனக்குச் சொல்லிக் கொடுத்ததே இவங்கதான். நல்லா கவனிங்க” என்றாள்.

அந்த ‘நல்லா கவனிங்க’ என்னைக் கெடுத்தது. அத்தனை இளங்கண்களும் என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தன. மைதானத்தில் யாரோ முணுமுணுத்த பேச்சு வேறு மண்டைக்குள் ஓடியது. இத்தனை வருஷம் நான் சொன்னது பொய் இல்லை என்று காட்ட வேண்டும் போலிருந்தது. கால் ஒட்டிக்கொள்கிறவர்களை எப்படி நடக்க வைப்பது என்று எனக்கு எல்லா வித்தையும் தெரியும், நானே ஊருக்குச் சொல்லிக் கொடுத்த வித்தைகள். மனசுக்குள் தாளம் போட்டு, தாளத்துக்கு ஒரு அடி வைக்க வேண்டும். தரை ஓட்டின் இணைப்புக் கோடுகளைத் தாண்டுவது போல ஒவ்வொன்றாகத் தாண்ட வேண்டும். சடாரென்று திரும்பாமல், பஸ் திரும்புகிற மாதிரி அகலமாக வளைந்து திரும்ப வேண்டும். அத்தனையும் செய்தேன். ஜம்மென்று நடந்தேன்.

அதோடு விட்டேனா? நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே போகச் சொன்னாள். தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு, எழுபத்தொன்பது என்று எத்தனையோ பேர் திணறுவதைக் கேட்டுக் கேட்டு எனக்கு வாய்ப்பாடாகவே ஆகிப்போன கணக்கு அது. கடகடவென்று ஒப்பித்தேன். ஐந்து சொற்களைச் சொல்லி நினைவில் வைக்கச் சொன்னாள். நான் பல வருஷம் பயன்படுத்திய அதே பட்டியல். வாளி, நூல், மாடு, மஞ்சள், ஜன்னல். அவள் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு மனசில் வந்துவிட்டது. பயிற்சிப் பிள்ளைகள் கை தட்டாத குறைதான். பெருமையாக இருந்தது. இப்போது நினைத்தால் பளாரென்று ஒன்று வைக்கலாம் போலிருக்கிறது.

ஊசி குத்தியது பெரிதாக வலிக்கவில்லை. பிறகு அசையாமல் படுக்க வைத்ததுதான் கொடுமை. அடுத்த கட்டிலில் மாமியாருக்குத் துணையாக இருந்த சரோஜா, பழவேற்காட்டுப் பக்கம் மீன்பிடிக் குப்பத்துக்காரி. நான் நெளிவதைப் பார்த்துவிட்டு, “இன்னாக்கா, வலையில மாட்டுன மாரி துள்ளிக்கினே கீற? செத்த சும்மா படு” என்று அதட்டினாள். அதட்டிவிட்டு, என் வறண்ட வாயில் ஸ்பூனால் தண்ணீர் விட்டாள். என் மகள் ஷீபா மணவாள நகரிலிருந்து வந்து சேருகிறவரை அவள்தான் எனக்கும் ஆள்.

பிறகு மறுபடி நடந்தேன், மறுபடி கழித்தேன், மறுபடி மாட்டையும் ஜன்னலையும் சொன்னேன். டாக்டர் கௌதமி இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு மேடம். நீர் எடுத்ததால மாற்றம் எதுவும் தெரியலை. ஆபரேஷன் பண்ணச் சொல்ல எனக்கு மனசு வரலை.”

ஷீபாதான், “அப்போ அந்த இன்னொரு விதமா டாக்டர்?” என்று கேட்டாள். அப்படித்தான் நினைக்க வேண்டியிருக்கிறது என்றார் டாக்டர். மாத்திரை எழுதினார். வீட்டில் தனியாக விடாதீர்கள் என்றார். தேவராஜ் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். என்ன சொன்னாலும் ஆட்டினார்.

மறுநாள் வீட்டுக்கு அனுப்புவதாக இருந்தது. இன்சூரன்ஸ் ஆட்கள் சம்மதம் சொல்லும்வரை கிளம்ப முடியாது. தேவராஜ் அந்த கவுண்டருக்கும் இந்த கவுண்டருக்கும் அலைந்துகொண்டிருந்தார். அதற்குள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்த ஷீபா அங்கிருந்து போன் செய்தாள். அழுகையை மறைக்க அவள் எனக்கு அட்வைஸ் பண்ண ஆரம்பித்தாள். எங்க ஊட்டுக்கே வந்துடு, தனியா இருக்காத, வேலைய வுட்டுடு என்று. எனக்குக் கோபம் வந்துவிட்டது. நான் ஏன் வேலையை விட வேண்டும், என்னை என்ன குழந்தை என்று நினைத்தாயா என்று பொரிந்துகொண்டிருந்தேன்.

“ம்மா, இன்னாது ஹாரன் சத்தம்? எங்க கீற நீ?” என்றாள் ஷீபா. “மூச்சு வாங்குது உனக்கு. நடந்துக்கினா பேசற?”

சுற்றிப் பார்த்தேன். வார்டில் இருந்தவள், சரிவுப் பாதையில் இறங்கி, கேன்டீனைத் தாண்டி, ஆம்புலன்ஸ் நிற்கிற வாசலுக்கே வந்திருந்தேன். எப்படி வந்தேன் என்று தெரியவில்லை. தாளம் போடவில்லை, கோடு எதையும் பார்க்கவில்லை.

என் துறையில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு சின்ன விஷயம் உண்டு. மூளையின் கவனமெல்லாம் காலிலேயே இருக்கிற ஒருவரிடம் நடக்கும்போது பேச்சுக் கொடுத்தால், அவர் நின்றுதான் பதில் சொல்வார். இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியாது. சென்ற வருஷம் முழுக்க நான் அப்படித்தான் நின்று நின்று பேசிக்கொண்டிருந்தேன். இப்போது நடந்துகொண்டே சண்டை போட்டிருக்கிறேன். நீரை எடுத்தது வேலை செய்திருக்கிறது! தாளில் அது தெரியாமல் போனதற்குக் காரணம், முதல் நடையை நான் ஜோடித்து நடந்ததுதான். மோசமாக நடந்திருக்க வேண்டிய நேரத்தில் நன்றாக நடந்து தொலைத்துவிட்டேன்.

டாக்டர் அறைக்கு அப்படியே போனேன். சொல்வதற்கு வெட்கமாக இருந்தது. சொல்லாவிட்டால் மூளை சுருங்கியவள் என்ற முத்திரையோடு நாற்காலியில் உட்கார்ந்தே முடிந்துபோவேன். எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன், மாடு ஜன்னல் உட்பட.

டாக்டர் கௌதமிக்கு முகம் சிவந்துவிட்டது. “மேடம், உங்க ஆய்வுல ஒருத்தர் இந்த மாதிரி பண்ணியிருந்தா நீங்க என்ன பண்ணுவீங்க?”

“கணக்கிலிருந்து ஆளையே எடுத்துடுவேன்.”

“நான் அப்படி உங்களை எடுத்துட முடியாதே” என்றார். “எடுத்த நீர் திரும்ப ஊறிடும். இந்த முன்னேற்றம் நிக்காது. நீங்க பழையபடி மோசமானதும் வாங்க. மறுபடி முதல்லேருந்து பார்ப்போம். இந்தத் தடவை எனக்கு உங்க நிஜ நடை வேணும்.”

அப்படி ஆரம்பித்தது ஒரு விசித்திரமான காத்திருப்பு. கால் கெட வேண்டும் என்று காத்திருந்தேன். நன்றாக இருக்கிற கால் கெடட்டும் என்று கேட்க மனசும் வரவில்லை, கெடாமல் இருந்தால் சோதனையும் நடக்காது. நிற்க முடியவில்லை, உட்கார முடியவில்லை. இது நிஜமாகவே தேறியதா, இல்லை என் மனசு கட்டிக்கொண்ட கதையா என்ற சந்தேகம் வேறு. எங்கள் பாஸ்டர் ஐயா வீட்டுக்கு வந்து, இவர்கள் கால்கள் இன்றே பலப்படட்டும் என்று உருக்கமாக ஜெபித்தார். நான் கண்ணை மூடிக்கொண்டு, இன்றைக்கு வேண்டாம் ஆண்டவரே, கொஞ்சம் பொறுத்துப் பலப்படுத்தும் என்று கெஞ்சினேன். ஒரு காலை எழுந்து நின்றேன், பாதம் தரையோடு ஒட்டிக்கொண்டது.

“என்னங்க, இழுக்குது!” என்று கத்தினேன்.

“நெசமாவா? எந்தக் காலு?” என்று ஓடிவந்தார் தேவராஜ்.

“ரெண்டும்!”

“அப்பாடா” என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. இரண்டு பேரும் சிரித்தோம். நான் சிரித்துக்கொண்டே அழுதேன்.

மறுபடி அதே நடைகூடம், அதே மஞ்சள் கோடு. இந்த முறை பயிற்சிப் பிள்ளைகள் இல்லை. சொற்பட்டியலையும் கழித்தல் கணக்கையும் மாற்றிவிட்டார்கள். நடைக்குத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. தாளம் போடாமல் நடப்பேன் என்று சொல்லிவிட்டேன், ஆனால் கால் தடுமாறினாலே தாளம் தானாக உள்ளே ஆரம்பித்துவிடுகிறது. பல வருஷத்துப் பழக்கம்.

“நடக்கும்போது எனக்குப் பேச்சுக் கொடுக்கணும். அப்பதான் உள்ளுக்குள்ள எண்ண முடியாது” என்றேன். ரேவதி முயன்றாள். அவள் என்ன கேட்டாலும் நான் பாடம் நடத்துகிறேன். பாடம் எனக்கு மனப்பாடம், அதுவும் ஒரு தாளம்தான். டாக்டர் தேவராஜைப் பார்த்து, “சார், நீங்க கூட நடந்து பேசுங்க. வீட்டுல பேசற மாதிரி” என்றார்.

தேவராஜ் பின்னால் நகர்ந்தார். “வேணாம் டாக்டர். என்னால ஆவாது.”

“ஏன் சார்?”

“நான் பேசுனா அது நின்னுடும் டாக்டர். நின்னா திரும்பக் காலு எடுக்கறதுக்குள்ள வேர்த்து ஊத்திடும் அதுக்கு. அத்தப் பாக்க முடியாது என்னால. அதான் ஒரு வருசமா நடக்கச்சொல்ல நான் வாயே தொறக்கறதில்ல.”

ஞாயிறு காலை கோயிலுக்குப் போகும்போது, கடைக்குப் போகும்போது, ரயில் நிலையம்வரை கொண்டு வந்து விடும்போது, ஒரு வார்த்தை பேசாமல் பக்கத்தில் வருவார். நோயாளிப் பெண்டாட்டியோடு பேச என்ன இருக்கிறது என்று சலித்துக்கொண்டுவிட்டார் என்று நான் நினைத்திருந்தேன். பதிலுக்கு நானும் முறைத்துக்கொண்டு நடந்தேன்.

“பேசுங்க” என்றேன். “நான் நிக்கணும். நிக்கத்தான் வந்திருக்கேன்.”

கிளம்பினேன். பாதி தூரத்தில், “ராத்திரிக்கி இன்னா சமைக்கலாம்?” என்று கேட்டார். நான் நின்றேன். தோசை என்று சொன்னேன். சொல்லிவிட்டுக் கால் எடுக்கப் பார்த்தேன், வரவில்லை. கூச்சம் பிடுங்கித் தின்றது. ஓட்டுக் கோட்டைப் பார்க்கக் கூடாது, தாளம் போடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். வேர்த்தது. ரேவதி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அழாத, நேரத்தைப் பாரு” என்று அவளை அதட்டினேன். என் வாழ்க்கையில் நான் நடந்த மிக மோசமான நடை அது. அதை மறைக்காமல் நடந்து முடித்தேன்.

பிறகு ஊசி, நீர், படுக்கை. மதியம் தாண்டி மறுபடி கோட்டுக்கு முன்னால் நிறுத்தினார்கள். இந்த நடையில்தான் எல்லாம் இருக்கிறது. இதிலும் நான் நின்றால் குழாய் இல்லை, மாத்திரையும் நாற்காலியும்தான்.

“அவங்க பதில் சொல்லியே ஆகணும்கிற மாதிரி ஏதாவது சொல்லுங்க சார்” என்றார் டாக்டர்.

நடக்க ஆரம்பித்தேன். பக்கத்தில் தேவராஜ் வந்தார், சத்தம் இல்லை. தொண்டையைச் செருமினார். மறுபடியும் சத்தம் இல்லை. பயப்படுகிறார் என்று தெரிந்தது. பேசி, நான் நின்றுவிட்டால் என்ன செய்வது என்று பயப்படுகிறார்.

“பேசுங்களேன்” என்றேன்.

“நான் வேலைய வுட்டுட்டேன்” என்றார்.

“இன்னாது?”

“மில்லுல எழுதிக் குடுத்துட்டேன். நீ மைதானத்துல வுயுந்தியே, அந்த வாரமே.”

அவர் எப்படி எல்லா நாளும் ஆஸ்பத்திரியில் என்னோடு இருக்கிறார் என்று நான் ஒரு முறைகூடக் கேட்கவில்லை. ஒரு தடவை லீவு என்றார், அதோடு விட்டுவிட்டேன். இன்னும் இரண்டு வருஷ சர்வீஸ் இருந்தது. கோபம் வந்தால் எனக்கு ‘நீங்க’ போய்விடும்.

“யாரக் கேட்டு எழுதிக் குடுத்த? பத்து நாளு லீவு போட்டா ஆவாதா? கிரேன் மேல ஒக்காரலன்னா உனக்குச் சோறு எறங்குமா? ஊட்ல ஒக்காந்து இன்னா பண்ணப் போற? எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கத் தோணலயா?”

“உன்ன எப்டிம்மா கேக்கறது?” என்றார். குரல் உடைந்துவிட்டது. “கேட்டா நின்னுடுவியே.”

“நின்னா நிக்கறேன்! நின்னு கேக்கறேன்! அதுக்காவ பொண்டாட்டிகிட்ட சொல்லாம வேலைய வுடுவானா ஒருத்தன்? நாளைக்கே போய் மானேஜரப் பாரு. நீ போவலன்னா நான் போறேன்…”

பின்னாலிருந்து ரேவதி கூப்பிட்டாள். கடைசிக் கோட்டை எப்போதோ தாண்டிவிட்டோமாம். டாக்டர் கௌதமி வேகமாக எட்டு வைத்து எங்களை எட்டிப் பிடிக்கப் பார்த்தார்.

“மேடம், போதும். நில்லுங்க. குழாய் வைக்கலாம், நான் எழுதிடறேன், நில்லுங்க!”

தேவராஜ் நின்றுவிட்டார், முகத்தைக் கையால் மூடிக்கொண்டு. நான் நிற்கவில்லை. எனக்கு இன்னும் திட்டி முடியவில்லை.